இறங்க வேண்டிய கோடு

நாற்பத்தைந்து தாண்டிய பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதத் துணிந்து, பிழைக்க வந்த வெளிமாநிலத்தில், கராடியில் ஒரு ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். என் பெஞ்சில் உட்கார்ந்தவர் ஆட்டோ ஓட்டுநர். காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில், மதுரைப் பேச்சு. சமன்பாட்டை y = mx + c என்று மாற்றியதும், y அச்சில் c-ஐத் தொட்டு, "இதான் ஸ்டாண்டு, வண்டி இங்கருந்துதான் கெளம்பும்" என்று முணுமுணுப்பார். பிறகு m பிளஸா மைனஸா என்று பார்த்து, கோடு ஏற்றமா இறக்கமா என்று சொல்வார். ஒருநாளும் தவறியதில்லை.

ஒரு வாரம் டீச்சர் என்னைப் பலகைக்கு அழைத்து 2x + y = 6 என்று கொடுத்தார். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். y = 2x + 6 என்று எழுதிக் கோடும் போட்டேன்.

"அண்ணே, எறங்குற வண்டிய காத்ரஜ் மலையில ஏத்திட்டீங்களே! 2x அந்தப் பக்கம் போனா மைனஸுண்ணே!" என்றார் அவர். தமிழில் சொன்னது போதாதென்று இந்தியிலும் சொன்னார். வகுப்பே சிரித்தது. திருத்திவிட்டு வந்து பையை மூடினேன். இனி வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணக்குக்குத் தானே எழுந்து போனார். அது 3x + y = 3. பெரிய எழுத்தில் y = 3x + 3 என்று எழுதி, கோட்டைப் பலகையின் உச்சிவரை இழுத்தார். எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு அவருக்குக் கிடைத்தது.

"நமக்கும் பிரேக் பிடிக்கலண்ணே" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நான் நோட்டை மறுபடி வெளியே எடுத்தேன். அந்த மைனஸை நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.