கால் ஊன்றி ஓட்டுகிறவர்

ஒரு தீக்குச்சியைத் தன் பைக்கின் பின் டயரின் பள்ளத்துக்குள் செருகி, அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று கட்டைவிரல் நகத்தால் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று பார்த்த அளவுதான். ஒரே ராத்திரியில் டயர் தேய்ந்துவிடாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் முன் டயருக்குப் போய்க் குனிந்தார். அங்கேயும் அதே குச்சி, அதே நகம். பிறகு எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார். மேகம் கட்டியிருந்தது. அவர் முகமும் கூடவே இருண்டது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவர் வேலை. லேபுக்கு வர முடியாத வயதானவர்கள், நடக்கச் சிரமப்படுகிறவர்கள், அலுவலகத்துக்கு அவசரமாகக் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் காலையில் முதலில் வந்து நிற்கிற ஆள் இவர்தான். எந்த வீட்டுக் குழந்தையோ 'கொசு அங்கிள்' என்று கூப்பிட, அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. லேபில் போன் எடுக்கும் பெண்கூட, "கொசு சார் கிளம்பிட்டாரும்மா, இப்ப வந்துருவாரு" என்றுதான் சொல்வாள். அவருக்கு அதில் வருத்தமில்லை. கையைப் பிடித்து நரம்பைத் தட்டும்போது அவரே சொல்வார்: "ஒரு கொசுக்கடி. அவ்வளவுதான். அதுவாவது ராத்திரியில தூங்க விடாது, நான் காலையிலதான் கடிக்கிறேன்."

அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. இத்தனை வீடுகளுக்குள் போய்வருகிற மனிதரின் முகத்தை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஊசியை எடுத்ததுமே எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சிலர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். முடிந்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்விடுவார்கள், பசி. வெறும் வயிற்றோடு இருக்கிற வீட்டில் வந்தவருக்கு ஒரு வாய் காபி கேட்பதும் முறையில்லை. தெருவில் தலைக்கவசம் இல்லாமல் எதிரே நடந்து வந்தால், கையை நீட்டிய பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரியாது.

வெயில் நாளில் அவரைப் போல நிதானமாக ஓட்டுகிறவர் கிடையாது. மழை விழுந்தால் ஆள் மாறிவிடுவார். இரண்டு காலையும் இரு பக்கமும் தொங்கவிட்டு, ஷூவால் தரையைத் தடவிக்கொண்டே போவார், சைக்கிள் பழகுகிற பிள்ளை மாதிரி. டயர் தேய்வதற்கு முன்னால் ஷூ தேய்ந்தது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, ஒதுங்கிப் போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். "அண்ணே, காலை உள்ள வைங்க, எவனாவது தட்டிட்டுப் போயிருவான்" என்று அக்கறையாகச் சொன்னவர்களும் உண்டு. மேம்பாலம் வந்தால் அதுவும் கிடையாது. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறுவார்.

அப்படித் தள்ளும்போது, "பெட்ரோல் தீந்துருச்சா சார்?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க" என்று சொல்லிவிடுவது வழக்கம். பயமாக இருக்கிறது என்று சொல்வதைவிட அது சுலபம். ஒருமுறை ஒரு நல்ல மனிதர் கொட்டும் மழையில் தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்து, இவர் தடுப்பதற்குள் டாங்கைத் திறந்து ஊற்றிவிட்டார். ஏற்கெனவே நிரம்பியிருந்த டாங்க் வழிந்தது. அந்த மனிதர் டாங்கையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலிப் பாட்டிலோடு போய்விட்டார்.

பயம் பிறவியிலேயே வந்ததல்ல. ஒரு சாயங்காலம் வந்தது. அன்றுதான் இரண்டு டயரையும் புதிதாக மாற்றியிருந்தார். மழைக்காலம் வருகிறது, மனைவி பின்னால் உட்காருகிறாள், பழைய டயர் மொட்டையாகிவிட்டது என்று யோசித்து மாற்றியதுதான். "புதுசுல ஒரு வழவழப்பு இருக்கும் சார். கொஞ்சம் ஓடித் தேயட்டும், அதுவரைக்கும் வளைவுல சாய்க்காதீங்க" என்று கடைக்காரர் சொன்னதும் உண்மை, இவர் தலையாட்டியதும் உண்மை. புது டயர் போட்ட சந்தோஷத்தில் மனைவியை ஏற்றிக்கொண்டு சும்மா ஒரு சுற்றுப் போனார். சாலை முனையில் திரும்பும்போது தூறல் ஆரம்பித்தது. ரோட்டில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பட்டை. குறுக்கே ஒரு வேன். பிரேக்கைப் பிடித்தது மட்டும்தான் நினைவு.

இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. மனைவிக்கு முழங்கால் சில்லு உடைந்தது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "ரோடு ஈரமா இருந்துச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மாடிப்படி ஏற முடியாது என்பதால் கால் சரியாகும் வரை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். கால் சரியானது. அதற்குள் அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. 'இந்த மாசம் போகட்டும்', 'அக்கா பொண்ணு பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிக்கொண்டே போனதில், எந்த இடத்தில் அது பிரிவாக மாறியது என்று இருவராலும் சொல்ல முடியாது. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறாமல் வரும்.

"அங்க மழையா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"இல்லையே. நல்ல வெயில்" என்பார் இவர், ஜன்னலில் தாரை தாரையாக வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"மழை பெஞ்சா பஸ்ல போங்க."

"பஸ்லதான் போறேன்."

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும், அந்த டெலிபோன் அம்மா மட்டும் இல்லாதிருந்தால். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார், சர்க்கரை நோய். ஊசி குத்தும்போது சுவரைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்க்கிற ஒரே ஆள். "உங்களுக்கு இடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டார். தெரியும்தான். ஆனால் அதை வேறொருவர் வாயிலிருந்து கேட்டு வெகு காலமாகியிருந்தது.

ஒரு மழைக் காலையில் அந்த அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் மேம்பாலம். வழக்கம்போல இறங்கித் தள்ளினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தது, அங்கேயும் தள்ளினார். போய்ச் சேர்ந்தபோது வெகு நேரமாகிவிட்டது. மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. தள்ளிப் பார்த்தார், தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. அந்த அம்மா கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெறும் வயிற்றோடு இவருக்காகக் காத்திருந்ததில் சர்க்கரை இறங்கிவிட்டது; நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுக்கம். எழுந்து வந்து பார்க்கலாம் என்று முயன்றிருக்கிறார், முடியவில்லை.

இவர் சமையலறைக்குள் ஓடி, கண்ணில் பட்ட டப்பாவையெல்லாம் திறந்து, சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் கண்ணில் தெளிவு வந்தது.

"இனிமே ரத்தம் எடுத்து என்ன பிரயோஜனம்? சர்க்கரையைக் குடிச்சுட்டேனே" என்றார்.

"இன்னொரு நாள் வரேம்மா. மன்னிச்சுக்குங்க."

"வண்டி ரிப்பேரா?"

ஆமாங்க என்று சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் வரவில்லை. "மழையில ஓட்டப் பயம்மா எனக்கு. தள்ளிட்டு வந்தேன்" என்றார். இதற்கு முன்னால் அதை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

அந்த அம்மா ஆறுதல் சொல்லவில்லை. "பயப்படுறது தப்பில்ல. ஆனா வரமாட்டேன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் ரெண்டு ரொட்டி சாப்பிட்டிருப்பேன்ல?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்கு வந்து, ரத்தம் எடுக்கிற பெட்டியை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

அதற்குப் பிறகு மழை பெய்த மதியங்களில் அவரை ஒரு மூடிக் கிடந்த கிடங்கின் முற்றத்தில் பார்க்கலாம். பெரிய சிமென்ட் தரை, குறுக்கே வர ஆளில்லை. காவலாளி மட்டும் தன் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். "என்ன சார், லைசென்ஸ் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார் முதல் நாள். ஆமாம் என்றார் இவர்.

வட்டமாக ஓட்டினார். நேராகப் போய் மெல்லப் பிரேக் பிடித்தார். மறுபடி வட்டம். டயர் நல்ல டயர்தான், தீக்குச்சி அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. நம்பாதது கை. காவலாளி கூண்டிலிருந்து தலையை நீட்டி, "வண்டி மேல என்ன சார் கோபம்? கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க" என்றார். குனிந்து பார்த்தார். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. விரலைத் தளர்த்தினார். தோள் இறங்கியது. முன் சக்கரத்தையே முறைப்பதை விட்டுவிட்டு முற்றத்தின் கடைசியில் இருந்த சுவரைப் பார்த்து ஓட்டினார். காலை எடுத்து மேலே வைத்தார், கீழே இறக்கினார், மறுபடி வைத்தார்.

ஒரு மதியம், வேண்டுமென்றே பின் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாக மிதித்தார். வண்டியின் வால் பக்கவாட்டில் நழுவியது. மிதியை விட்டார். டயர் தரையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி இடுப்பு வழியாக மேலே ஏறி வந்ததை அவரால் உணர முடிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சுற்றிப் பார்த்தார்.

"வழுக்குச்சு. ஆனா விழல" என்றார் காவலாளியிடம்.

"அதான் பாத்தனே" என்று சொல்லிவிட்டு அவர் தன் ரேடியோவைத் திருகத் தொடங்கினார்.

டெலிபோன் அம்மா வீட்டுக்கு அடுத்த முறை போனபோதும் மழைதான். "எனக்கு இன்னும் பசிக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள வந்து நிக்கிறீங்க" என்று அந்த அம்மா கையை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அங்க மழையா?"

"ஆமா. கொட்டுது."

"பஸ்லதானே போறீங்க?"

"இல்ல. வண்டியிலதான். இப்ப நல்லா ஓட்டுறேன்."

"சரி" என்றாள். பிறகு, "நானே சொல்லணும்னு இருந்தேன். அங்க இருக்கிற என் தையல் மெஷினை எடுக்க வரலாம்னு பாக்குறேன். கடைக்காரம்மா அந்தக் கடையை என்னையே நடத்தச் சொல்றாங்க" என்றாள்.

"நல்ல விஷயம்தானே" என்றார். அது நல்ல விஷயம்தான்.

அவள் வந்த அன்றும் மழை. படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறி வந்தாள். மெஷினை இருவருமாகத் துணி சுற்றிக் கட்டினார்கள். கட்டும்போது பேச நிறைய இருந்தது. நூல்கண்டு எங்கே, பெல்ட் புதுசா, எண்ணெய் விட்டீங்களா. கட்டி முடித்ததும் பேச்சு தீர்ந்துவிட்டது. டாக்ஸி வந்தது. மெஷினைப் பின்னால் ஏற்றினார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீங்களும் ஏறிக்குங்க. நனையாம வரலாம்" என்றாள்.

"நான் வண்டியில வரேன்."

டாக்ஸிக்குப் பின்னாலேயே, சிதறுகிற தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளி, முன்னால் போன சக்கரங்கள் தண்ணீரை விலக்கிவிட்ட தடத்தில் ஓட்டிக்கொண்டு போனார். மேம்பாலம் ஏறினார். வளைவில் வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது. டாக்ஸியின் பின்கண்ணாடி வழியே அவள் தலை இவர் பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. பஸ் நிலையம் வரும்வரை அந்தத் தலை முன்பக்கம் திரும்பவேயில்லை.

மெஷினைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஏறவில்லை. ஓரமாக நின்ற வண்டியிடம் நடந்து வந்தாள். கழுத்தில் கிடந்த ஷாலின் நுனியை எடுத்து, பின் சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரை ஓரம்வரை ஒற்றித் துடைத்தாள், உட்காரப் போகிறவள் மாதிரி. ஈரமான ஷாலைப் பிழிந்துவிட்டு, "பாத்துப் போங்க" என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

மழை அவள் துடைத்த இடத்தை உடனே நனைக்கத் தொடங்கியது. அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மழை படாமல் அதன்மேல் வைத்துக்கொண்டு, பஸ் திரும்பும்வரை நின்றார்.