கும்ப ராசிக்கு மலைப்பாம்பு: புலாவ் செபாங்கிலிருந்து மஸ்ஜித் தானாவரை

புலாவ் செபாங்குக்கு ரயிலில் போவது எப்படி என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். அந்த வழியில் நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். 1996, ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. சுற்றுலா என்று சொல்ல முடியாது. ஆனாலும் நேரம், தூரம், கட்டணம் எல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏன் போனேன் என்பதையும் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோலாலம்பூரில் ஒரு தமிழ் வார இதழில் துணையாசிரியராக இருந்தேன். ராசிபலன் எழுதும் ஜோதிடர் மூன்று வாரம் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தார். இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டார். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். "ராசிக்கு ஒரு காட்டு மிருகம்னு போடும்மா. அந்த மிருகம் காட்டுல எப்படி உயிர் பிழைக்குதோ, அந்த ராசிக்காரங்க குணமும் அப்படித்தான்னு எழுது. ரெண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும்" என்றார்.

அண்ணன் மகனுக்கு வாங்கி வைத்திருந்த ஒரு விலங்குப் படப் புத்தகம் பையில் இருந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். மேஷத்துக்குக் காட்டெருமை, ரிஷபத்துக்கு யானை. நம் காட்டில் சிங்கம் இல்லை என்பதால் சிம்மத்துக்குப் புலி. கன்னிக்கு மான். நான் மீன ராசி. எனக்கு நீர்நாயை முதலிலேயே எடுத்து ஒதுக்கிவிட்டேன். கடைசியில் ராசிகளில் கும்பமும் புத்தகத்தில் மலைப்பாம்பும்தான் மிச்சம். "கும்ப ராசிக்காரர்கள் அசையாமல் கிடப்பார்கள். பசி வந்தால் தங்கள் அருகில் இருப்பவரையே விழுங்கி உயிர் வாழ்வார்கள்" என்று எழுதினேன். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரைக்கு முடித்துக் கொடுத்துவிட்டு மீ கோரேங் சாப்பிடப் போனேன். எழுதியவர் பெயர் இல்லாமல் அந்தப் பக்கம் வெளிவந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நீல மையில், கோடு போட்ட தாளில், அழகான கையெழுத்து. "ஜோதிடர் ஐயா அவர்களுக்கு. நான் கும்ப ராசி, சதய நட்சத்திரம். எனக்குத் திருமணம் பேசி முடித்திருந்தார்கள். உங்கள் பக்கத்தைப் படித்த பிறகு மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மலைப்பாம்புக்குப் பரிகாரம் உண்டா? இருந்தால் தயவுசெய்து எழுதவும்." கீழே தேவகி என்ற பெயரும், புலாவ் செபாங் பக்கம் ஒரு தோட்டத்தின் முகவரியும்.

திட்டி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆசிரியரிடம் காட்டினேன். "வெள்ளிக்கிழமை விளக்கு போடச் சொல்லி ரெண்டு வரி எழுதி அனுப்பிடு" என்றார். முடியவில்லை. நேரில் வருவதாகத் தேவகிக்கு எழுதிப் போட்டேன்.

இனி வழி. கோலாலம்பூரிலிருந்து காலை 7.40 ரயில். மூன்றாம் வகுப்பு ஆறு வெள்ளி (ரிங்கிட்). டிக்கெட்டில் 'தம்பின்' என்று இருக்கும், குழம்ப வேண்டாம். நிலையம் இருப்பது புலாவ் செபாங்கில்தான். தம்பின் பட்டணம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், நெகிரி செம்பிலானில். சிரம்பான் தாண்டியதும் இரண்டு பக்கமும் பால்மரமும் (ரப்பர்) எண்ணெய்ச் செம்பனையும்தான். நான் போனபோது 10.05-க்குப் போய்ச் சேர்ந்தது. நிலையத்துக்கு எதிரிலேயே டாக்சி நிற்கும். தோட்டம் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், தனியாக எடுத்தால் எட்டு வெள்ளி.

டாக்சிக்காரர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். தோட்டத்தில் யார் வீடு என்று கேட்டார். சொன்னேன்.

"கல்யாணம் நின்னுபோச்சே, அந்த வீடா? நீங்க சொந்தமா?"

"இல்லண்ணே. தெரிஞ்சவங்க."

"பொண்ணு நல்ல பொண்ணுதான் லா. வேலை விட்டா வீடு, வீடு விட்டா கோயில். ஆனா ராசி சரியில்லையாம். பேப்பர்லயே போட்டுட்டாங்களாம்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வரச் சொல்லி இறங்கினேன்.

தோட்டத்தில் பாதிக்கு மேல் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர் லயத்தில் மூன்றாவது வீடு. தேவகியின் அப்பா வாசலிலேயே நின்றார். செம்பனைக் குலை வெட்டும் வேலை அவருக்கு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மனைவி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது என்று உள்ளே படத்தைக் காட்டினார். தேவகிக்கு இருபத்து நான்கு வயது. பக்கத்துப் பட்டணத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாற்காலியில் துண்டு விரித்து என்னை உட்கார வைத்தார்கள். மேசையில் ஆரஞ்சு போத்தல். பக்கத்தில் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், இருபத்தொரு வெள்ளி.

ஜோதிடர் என்னிடம் பரிகாரம் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

"ஜோதிடர் எழுதலீங்க. நான்தான் எழுதினேன். எனக்கு ஜோதிடம் தெரியாது. பக்கம் காலியா இருந்துச்சுன்னு சும்மா எழுதினது" என்றேன்.

தேவகி என்னையே பார்த்தாள். "சும்மாவா?" என்றாள். பிறகு, குரல் உயராமலே, "கோயில் பூசாரி ஜாதகம் பார்த்தாரு. பத்துல எட்டு பொருத்தம் இருந்துச்சு. சதய நட்சத்திரத்துக்கு மிருகம் குதிரைன்னாரு, அவங்களுக்கும் எனக்கும் அதுவும் ஒத்துப் போச்சுன்னாரு. அப்புறம் உங்க பேப்பர் வந்துச்சு" என்றாள்.

அவளுடைய அப்பா மேசைப் பக்கம் வந்தார். தட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மலைப்பாம்பைப் பாத்திருக்கீங்களாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"நான் பாத்திருக்கேன். செம்பனைக் காட்டுல எலி நெறைய, அதுக்கு வரும். ஒரு தடவை வெட்டிப்போட்ட மட்டைக்குக் கீழே ஒண்ணு கெடந்துச்சு. குத்திப் பாத்தோம், நகரல. முட்டையைச் சுத்திக்கிட்டுக் கெடக்கு. ரெண்டு மாசத்துக்கு மேல சோறு தண்ணி இல்லாம அப்படியே கெடக்கும்மா. குஞ்சு வெளிய வந்தப்புறம்தான் போகும். நாங்க அந்த நெரையையே வெட்டாம விட்டுட்டோம். அதையும் எழுதியிருக்கலாமே நீங்க."

என் புத்தகத்தில் அது இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.

தேவகி எழுந்தாள். "அக்கா, இதை அங்க வந்து சொல்லுங்க. அவங்ககிட்ட." அப்பா வர மறுத்துவிட்டார். "நான் வந்தா கெஞ்ச வந்த மாதிரி இருக்கும். நீங்க ரெண்டு பேரும் போங்க."

மாப்பிள்ளை வீடு மஸ்ஜித் தானாவில். அதே டாக்சியில் அலோர் காஜாவரை பதினைந்து கிலோமீட்டர், பன்னிரண்டு வெள்ளி. டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே வந்தார். அலோர் காஜாவில் 12.50 பஸ், ஒரு வெள்ளி நாற்பது காசு. இருபது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது, ஒவ்வொரு கம்போங்கிலும் (கிராமத்திலும்) நிற்கும். பஸ்ஸில் தேவகி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். நிச்சயத்துக்குப் பிறகு மாப்பிள்ளை சேகர் இரண்டு முறை தொழிற்சாலை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். நல்லவராம், அம்மா பேச்சைத் தாண்ட மாட்டாராம்.

மஸ்ஜித் தானா மலாய்க்காரர்கள் அதிகம் வாழும் சின்னப் பட்டணம். தமிழர் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சேகரின் அம்மா பஸ் நிலையத்திலிருந்து நூறு மீட்டரில் ஒரு தையல் கடை வைத்திருந்தார். வாசலில் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் வரிசையாகத் தொங்கியது. கணவர் போய் இரண்டு வருடம், ஒரே மகன். தேவகியைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். என்னைப் பார்த்து, "வாங்க, நீங்க யாரு?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். படப் புத்தகம், இரண்டு மணி அச்சு, கும்பம் கடைசியில் மிஞ்சியது வரை. இதழின் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். அதில் என் பக்கம் ஒட்டியிருந்தது. மலைப்பாம்பு வரிகளுக்குக் கீழே சிவப்பில் கோடு.

"இது பேப்பர்ல வந்ததுதானே?"

"ஆமாங்க. ஆனா பொய்யி. நான் எழுதின பொய்யி."

"அப்ப நீ பொய் எழுதுற ஆளு. இன்னிக்கு வந்து சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புறது? இந்தப் பொண்ணு அழுதுச்சுன்னு வந்திருக்கே."

"நான் அழலீங்க அத்தை" என்றாள் தேவகி.

"உங்க அம்மா என்ன ஆனாங்க? பன்னெண்டு வயசுப் புள்ளைய விட்டுட்டுப் போயிட்டாங்கல்ல. பக்கத்துல இருக்கிறவங்களத்தான் விழுங்கும்னு இதுல போட்டிருக்கு. எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு ஆளு."

அந்த வரியை எழுதியவள் நான். அது ஒரு செத்துப்போன தாயின் மேல் போய் விழும் என்று பதினோரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் நடுவில் எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து சேகர் வந்துகொண்டிருந்தார். தேவகிக்கு அந்தச் சத்தம் தெரிந்திருந்தது, பார்க்காமலே நிமிர்ந்து நின்றாள். கடை வாசலுக்குப் பத்தடி முன்னால் அவர் பிரேக் பிடித்தார். எங்களைப் பார்த்தார். எஞ்சினை அணைக்கவில்லை. காலை ஊன்றி வண்டியைத் திருப்பினார், வந்த வழியே போய்விட்டார்.

சேகரின் அம்மா டைரியை மூடினார். இப்போது குரலில் கோபம் இல்லை. "போன ஞாயித்துக்கிழமை ரெம்பாவுல வேற பொண்ணு பேசி முடிச்சாச்சும்மா. போய் வாங்க" என்றார்.

தேவகியின் கடிதம் எனக்கு வந்தது அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் முன்பு. லீவு இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம், அதற்கும் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். பயந்துகொண்டுதான் தள்ளிப்போட்டேன் என்பது எனக்குத் தெரியும். கடையிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது அதைத் தேவகியிடம் சொன்னேன். அவள் கடிதம் போட்ட தேதியை மனதுக்குள் எண்ணிப் பார்த்திருப்பாள் போல. "வந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாங்க அக்கா" என்றாள். எனக்காகச் சொன்னாளா, அவளுக்காகச் சொன்னாளா, தெரியாது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் வாங்கி வந்த மிலோவைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

"நீங்க என்ன ராசி அக்கா?"

"மீனம்."

"நீர்நாய்" என்றாள் உடனே. "தண்ணியிலயும் பிழைச்சுக்கும், தரையிலயும் பிழைச்சுக்கும், எல்லாருக்கும் பிடிக்கும்னு எழுதியிருந்தீங்க. அந்தப் பக்கம் முழுசும் எனக்கு மனப்பாடம்."

3.15-க்கு அலோர் காஜா பஸ் வந்தது. ஏறும்போது, "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். சன்னலோரம் இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு 3.40-க்கு மலாக்கா பஸ். தங்கா பத்து வழியாகப் போகும், முப்பது கிலோமீட்டர், ஒரு வெள்ளி தொண்ணூறு காசு. அந்தச் சாலையில் சில இடங்களில் கடல் தெரியும் என்று பக்கத்தில் இருந்த ஒரு மலாய் அம்மா சொன்னார். நான் பார்த்ததாக நினைவில்லை. மலாக்காவிலிருந்து ஆறு மணி எக்ஸ்பிரஸ், கோலாலம்பூருக்கு இரண்டரை மணி நேரம்.

போக நினைப்பவர்களுக்கு: மேலே சொன்ன கட்டணம் எல்லாம் அந்தக் காலத்தது, இன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த லயங்கள் இன்று இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. புலாவ் செபாங்கில் இறங்கி மஸ்ஜித் தானாவரை ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் காலை ரயிலைத் தவறவிடக் கூடாது. அலோர் காஜாவில் சாப்பிட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு சைவக் கடை கிடைப்பது கஷ்டம். செம்பனைத் தோட்டத்துக்குள் செருப்போடு நடக்காதீர்கள், மட்டை முள் ஏறும். மூடிய காலணி நல்லது.

மறு வருடம் ஜோதிடர் மறுபடியும் ஊருக்குப் போனார். "அந்த மிருகப் பக்கத்தையே திருப்பிப் போடு, நெறையப் பேரு கேக்கிறாங்க" என்றார் ஆசிரியர். தேவகி கதையைச் சொன்னேன். "அதுக்கு என்ன செய்யிறது, பாம்பை மாத்திடு" என்றார். வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை, வீட்டு வாடகை, தம்பி படிப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கன்னியிடமிருந்து மானை எடுத்துக் கும்பத்துக்குக் கொடுத்தேன். மலைப்பாம்பு கன்னிக்குப் போயிற்று. முட்டையைச் சுற்றிக்கொண்டு பட்டினி கிடக்கும் என்று இரண்டு வரி சேர்த்திருந்தேன். அச்சில் பார்த்தபோது அந்த இரண்டு வரியும் இல்லை. இடம் போதவில்லையாம். விழுங்கும் வரி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த இதழில் ஒரு பிரதியைத் தேவகிக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். கும்பத்துக்கு மான் என்று பார்த்தால் அவள் என்ன நினைப்பாள் என்பதை நினைத்ததும் முகவரி எழுதி வைத்த உறையைக் கிழித்துப் போட்டேன். கன்னி ராசிக்காரர்கள் யாரும் அந்த வருடம் எங்களுக்குக் கடிதம் எழுதவில்லை.