பல்லடம் தாண்டும் வரை ஒரு வரி

சூலூரிலிருந்து திருப்பூருக்கு ஆறு வருஷம் வேலைக்குப் போனேன். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கம்பெனி வேன் வாசலுக்கே வரும். உள்ளே எட்டுப் பெண்கள். வேன் கிளம்பியதும் யாராவது ஒருத்தியின் கதை ஆரம்பித்துவிடும். நாங்கள் இறங்கும்போது அவளிடம் நல்லதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. எனக்கும் அது ருசியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு டெய்லர் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது.

"சும்மாவா உட்டுப்போட்டுப் போயிருப்பான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பினால், டிபன் பாக்ஸோடு அவள் நின்றிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமை தவறாம கோயிலுக்குப் போறவங்கதானுங்களேக்கா நீங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் வேன் ஹாரன் அடித்தபோது எனக்குக் கால் எழவில்லை. "நீங்க போங்க, நான் பஸ்ஸுல வாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கல்யாணத்தின்போது அப்பா கொடுத்த வேதப் புத்தகம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு நாளைக்கு ஒரே வரி. படித்துவிட்டு மூடிவிடுவேன். பாதி வழியில் பல்லடம் தாண்டும் வரை அதையே நினைக்கப் பார்ப்பேன். முதலில் மனசு அந்த வரியில் நிற்கவே இல்லை. வேனில் இப்போது யாரைப் பற்றிப் பேசுவார்கள் என்றே ஓடியது. என்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

"எங்ககூட வந்தா பாவம் ஒட்டிக்குமுங்களாக்கா?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். என் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள். எனக்கு அழுகை வந்தது.

"உம்மேல கோவமில்ல கண்ணு. அங்க உக்காந்தா என் வாய் நிக்கறதில்ல" என்றேன்.

ஒரு மாதம் போயிருக்கும். நாவைக் காத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரி அன்று கிடைத்தது. பல்லடம் தாண்டியும் அது என்னை விடவில்லை. கம்பெனிக்குள் நுழைந்ததும் நேரே அந்த டெய்லர் பெண்ணிடம் போனேன்.

"அன்னிக்கு நான் பேசுனது தப்பு அம்மணி."

அவள் தையலை ஓட்டி முடித்து, நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "உடுங்கக்கா. மத்தியானம் எங்கூட சாப்புட வாங்க."

நான் வேலையை விடும்வரை சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஊரில் யாரைப் பற்றியும் பேசாமல் ஒரு மணி நேரம் சிரிக்க முடியும் என்று அவளோடு இருந்தபோதுதான் கண்டேன்.

இப்போது வீட்டில் நாள் முழுக்க நேரம் இருக்கிறது. வேதமும் வாசிக்கிறேன். ஆனாலும் அந்த ஜன்னலோர சீட் நினைவில் வராத நாளில்லை. விசைத்தறிச் சத்தமும் தென்னந்தோப்புகளும் பின்னால் ஓட, மடியில் மூடிய புத்தகத்தோடு, காரணமே இல்லாமல் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். டிக்கெட் எடுக்கச் சொல்லி கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கும்.