றிஸ்லா வாய்மூடிய கிழமை

ஓட்டமாவடி றிஸ்லாவுக்குப் பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றுகூட இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் கைப்பையோடு பேசுவாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை றமீஸ் வாய் திறப்பதற்குள், மாங்கேணியில் அவன் வைத்திருக்கும் இறால் குளங்களுக்கு வரக்கூடிய நோய்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். எழும்பி ஓடியிருக்க வேண்டியவன் சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னான். அவனும் அப்படி ஒரு மனுஷன்.

வாவிக்கரையில் இறால் நோய் பார்க்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. இறாலின் செவுளை நசித்து ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுக்க வேண்டும். இன்னதைச் செய் என்று உயிருள்ள கலம், அதாவது செல், தனக்குள் அனுப்புகிற துண்டுக் கடிதம்தான் ஆர்.என்.ஏ. இறாலைக் கொல்லும் சில வைரஸ்களுக்கு அதுதான் மொத்தச் சொத்தும். அது முழுசாகக் கைக்கு வந்தால் நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

சொல்ல லேசு. அந்தக் கடிதத்தைக் கண்ட இடத்தில் வெட்டுகிற நொதியம் ஒன்று இருக்கிறதே, ஆர்.என்.ஏஸ் என்று. வியர்வையில் இருக்கிறது, எச்சிலில் இருக்கிறது, கண்ணீரில்கூட இருக்கிறது. நல்ல சாமான்தான். வாசித்து முடித்த கடிதங்களைக் கலம் இதைக்கொண்டுதான் கிழித்துப் போடும். இதில் சில வகை பழுதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, கிழியாத குப்பையை வைரஸ் என்று நினைத்து உடம்பு தன்னையே அடிக்கத் தொடங்கும். ஆனால் ஆய்வுகூட மேசைக்கு வந்தால் பெரிய சனியன். கொதிக்க வைத்தாலும் அடங்காது, ஆறினதும் எழும்பித் திரும்பவும் வெட்டும்.

இப்படியிருக்க, றமீஸின் வடக்குக் குளத்தில் சில இறால்கள் வெளிறிக் கரையொதுங்கின. அவனுக்கு இருப்பது மூன்று குளம். நோய் என்றால் வளர்ந்தது போதுமென்று உடனே அள்ள வேண்டும். நோய் இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் விட்டால்தான் வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். மூன்றிலும் இறால் பிடித்து மனைவியின் கையில் கொடுத்தான்.

றிஸ்லா ஆசையாசையாகத் தொடங்கினாள். ஆர்.என்.ஏ முழுசாக இருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல் தட்டில், தெளிவான கோடு விழ வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஓர் இழுப்புத்தான் விழுந்தது. ஆர்.என்.ஏ வெட்டுப்பட்டுப் போயிருந்தது. திரும்பச் செய்தாள். திரும்பவும் புகை.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் தக்ஷாயினி களுவாஞ்சிக்குடிக்காரி. நல்ல மனுஷி, பொறுமை மட்டும் கொஞ்சம் கட்டை.

"நீ கதைக்கக் கதைக்க எச்சில் பறக்குது றிஸ்லா. இனி வேலை நேரத்தில ஒரு சொல்லும் வரப்படாது."

"சாமான் எங்கயெண்டு கேக்கிறதெண்டா, மிஸ்?"

"கையைக் காட்டு."

புருஷனின் குளத்துக்காக றிஸ்லா இதற்கும் சம்மதித்தாள். பழகாமல் வராது என்று வீட்டிலும் வாயை மூடிக்கொண்டாள். மாமியார் நஸீபாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. "என்ன மனே, புள்ளைக்கு ஏசினயா? ஊடு ஆள் மௌத்தாகிப் போன ஊடு மாதிரிச் சத்தமில்லாமக் கிடக்கு" என்று மகனை மூலைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். றிஸ்லா சைகையால் விளக்கப் பார்த்தாள். மாமியார் அதைப் பல்வலி என்று முடிவுகட்டிக் கராம்பு அவித்துக் கொடுத்தார். குடித்தாள், வேறென்ன செய்ய.

வியாழக்கிழமையும் புகைதான். வாய் மூடியதற்கு ஒரு பலனும் இல்லை. குளத்தடியிலிருந்து றமீஸ் அவளுக்குப் போன் எடுத்தான்.

"வடக்குக் குளத்தில இன்னும் ஒதுங்குது புள்ள. மூண்டையும் அள்ளெண்டு ஆக்கள் சொல்றாங்க. நீ என்ன சொல்றாய்?"

"தெரியாது" என்றாள் றிஸ்லா. ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்தவளுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப நாளைக்கு அந்திக்கு மூண்டுக்கும் வலை போடுறன்."

வெள்ளி காலை தக்ஷாயினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தமில்லாத றிஸ்லாவை அவள் இவ்வளவு கிட்ட இருந்து பார்த்ததே இல்லை. அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கையை யார் கவனித்தது? இப்போது கவனித்தாள். கையுறை போட்ட கை சோதனைக் குழாயைத் திறந்தது, நெற்றிக்குச் சரிந்த முக்காட்டை ஒரு தள்ளுத் தள்ளியது, திரும்பக் குழாய்க்குள் போனது. கொஞ்சத்தில் மறுபடி முக்காடு, மறுபடி குழாய். நெற்றி முழுக்க வியர்வை.

"முக்காட்டை ஏன் தொடுறாய்?"

"நானா மிஸ்? நான் எங்க தொட்டன்?" என்று கேட்டுக்கொண்டே றிஸ்லா அதைத் தொட்டாள்.

இரண்டு பேரும் வெளியே ஓடிவந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கிழமைக்கு அடக்கி வைத்த பேச்செல்லாம் றிஸ்லாவிடமிருந்து ஒரேயடியாகக் கொட்டியது, மாமியாரின் கராம்புக் குடிநீர் உட்பட. தக்ஷாயினி தன் சாறியில் இருந்த ஊசிகளைக் கழற்றி முக்காட்டில் நாலா பக்கமும் குத்தினாள். மேலே ஒரு தலையுறை, புதுக் கையுறை. மேசையைத் துடைத்தார்கள், குழாய்களை மாற்றினார்கள்.

"இனிக் கதைக்கலாமா, மிஸ்?"

"குழாய் மூடியிருக்கக்குள்ள கதை."

மத்தியானம் கோடு விழுந்தது, அடிமட்டம் வைத்து நேராகக் கீறினது மாதிரி. றிஸ்லா துள்ளிக் குதித்தாள். அடுத்தது வைரஸைத் தேடும் சோதனை. அந்தியோடு அதன் முடிவு வந்ததும் துள்ளல் நின்றுவிட்டது. போனை எடுத்தாள். றமீஸ் வலைக்காரர்களோடு வரம்பில் நின்றான்.

"வடக்குல நோய் இரிக்கி."

வலைக்காரர்களை நிற்கச் சொல்லும் அவன் குரல் கேட்டது. பிறகு, "மத்த ரெண்டும்?"

"சுத்தம். தொடாதீங்க. வடக்குல போட்ட வலைய அங்கால கொண்டுபோகவும் வேணாம்."

"நிச்சயமாத்தானா புள்ள?"

"நிச்சயம்."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "வலையத் தோள்ல போட்டுட்டு நிக்கிறன் றிஸ்லா" என்றான்.

அன்று வடக்குக் குளத்தை மட்டும் அள்ளினார்கள். அதன் தண்ணீரில் ஒரு சொட்டும் வாவிக்குப் போகாமல் அடைத்து மருந்து போட்டார்கள். விற்றதுபோக மிஞ்சிய பொடி இறால் குழம்பாகி வந்தபோது மாமியார் சட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது திண்டா நமக்கு ஒண்டும் வராதா புள்ள?"

"இறால்ட நோய் மனுசருக்கு வராது மாமி. நம்மட வயித்துக்குள்ளயும் அந்த வெட்டுற சாமான் இரிக்கி. உள்ள போனா அதுட கடிதமெல்லாம் கந்தல்."

றமீஸ் சோற்றுக் கோப்பையை நீட்டி இன்னும் போடச் சொன்னான். அந்தக் கிழமை முழுக்க அவன் ஒரு நேரமும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை.