கடிவாய் அக்காவின் சந்தேகம்

வலது முன்கையை வாயருகே கொண்டுபோய், சதை திரண்ட இடமாகப் பார்த்து நறுக்கென்று கடிக்கிறார். பிறகு கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, பல் பதிந்த குழிகள் மெல்ல மேலெழும்பிச் சமமாவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேசையில் தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருக்கிறது.

"இன்னும் போகலையே," என்கிறார், யாரிடமும் இல்லாமல். "அவ மாடிப்படி இறங்குறதுக்குள்ள கடிச்ச தடம் மறைஞ்சிடுச்சுன்னு கதையில எழுதியிருக்காரு. அது என்ன மாடியா, மலையா?"

பதிப்பகத்தில் எல்லோரும் அவரைக் கடிவாய் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. "பாம்பு கடிச்ச இடத்துக்கும் அதானே பேரு? நல்ல தமிழ்தான், கூப்பிட்டுட்டுப் போகட்டும்" என்கிறார். ஐம்பதை ஒட்டிய வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பாதி நேரம் அதைத் தேடுகிறவர். புத்தகம் கட்டும் கூடத்துக்குப் பக்கத்து அறை அவருடையது. பசை வாடை சுவரைத் தாண்டி வருகிறது. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மூக்குக்கு என்னமோ போலிருக்கிறது என்கிறார்.

'பெரியவர்களுக்கு மட்டும்' என்று அட்டையிலேயே அச்சிட்டு வரும் ஒரு நாவல் வரிசைதான் அவருடைய பிழைப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வாழும் ரத்தக் காட்டேரிகள், பகலில் லாரி ஓட்டிவிட்டு முழுநிலவில் உருமாறும் ஓநாய் மனிதர்கள், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிணவறைப் பணிப்பெண் ஒருத்தி. அவள்தான் நாயகி. ஒவ்வொரு புதிய பாகமும் பழைய பாகங்களோடு முரண்படாமல் பார்த்துக்கொள்வது கடிவாய் அக்காவின் வேலை. அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சு இயந்திரம் ஓடும். அவர் பெயர் எந்தப் பாகத்திலும் இல்லை. காகிதம் கொடுத்த ஆலையின் பெயர் இருக்கிறது.

பச்சை மையில்தான் திருத்துவார். சிவப்பில் எழுதினால், "ரத்தம் சிந்திட்டீங்களாக்கா?" என்று அட்டைக்காரர் கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வாராம். அட்டைக்காரர் இந்த வரிசைக்கு அட்டைப்படம் செய்கிறவர். சட்டை போடாத ஒரே ஆளின் படத்தை வைத்துக்கொண்டு காலம் ஓட்டுகிறார். காட்டேரி வேண்டுமென்றால் தோலை வெளுப்பாக்குவார். ஓநாய் மனிதன் வேண்டுமென்றால் மார்பில் முடி ஒட்டுவார். படத்தில் இருப்பவருக்கு இந்த விஷயம் தெரியுமா என்பது கடிவாய் அக்காவின் நெடுநாள் கவலைகளில் ஒன்று.

படுக்கையறைக் காட்சிகளை அவர் வாய்விட்டுத்தான் படித்துச் சரிபார்ப்பார், பேருந்து நேரத்தை அறிவிக்கும் குரலில். அவரைப் பற்றி எழுத நான் போயிருந்தபோது ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஒரு கை அவ முதுகுல இருக்கு. ஒண்ணு கூந்தல்ல. அவ கை ரெண்டும் அவன் கழுத்துல. அப்போ விளக்க அணைச்சது யாரு?"

அட்டைக்காரர் கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "காட்டேரிக்கு ஒரு கை கூட இருக்கும்கா, விடுங்க."

"இருந்தா முதல் பாகத்துலயே இருந்திருக்கணும்ல?"

அக்கா சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். எழுத்தாளர் எழுதி எழுதிக் குவிக்க, இவர் குழம்பிக் குழம்பி நிற்கிறார். காட்டேரி கடித்தால் ஓநாய் மனிதன் செத்துப்போவான் என்று ஒரு பாகம் சொல்கிறது; கடிபட்டவன் இன்னொரு பாகத்தில் காய்ச்சலோடு எழுந்து லாரியை எடுத்துக்கொண்டு போகிறான். கண்ணாடியில் காட்டேரியின் உருவம் தெரியாது. ஆனால் தினமும் வழவழவென்று முகம் மழித்திருக்கிறான். "தடவிப் பாத்தே பண்ணிக்குவானோ?" என்று என்னிடம் கேட்டார்.

"சொத்தப் பல்ல அடைச்ச ஆளு ஓநாயா மாறுனா அந்த அடைப்பு என்னக்கா ஆகும்?" என்று அட்டைக்காரர் சீண்டினார்.

"ஒரு பாகத்துல கழண்டு விழுந்துச்சு. அப்புறம் ஒரு தடவ விழல. ஏன்னு எனக்கே விளங்கல, போய்யா."

காட்டேரி என்று ஒன்று இல்லை. ஓநாயாக எந்த மனிதனும் மாறியதில்லை. இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம், நம் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். அக்காவிடம் நம்பிக்கை உண்டா என்று கேட்டேன்.

"எனக்கா? இத்தனை வருஷமா இதுங்களோடதான் குடித்தனம். ஒண்ணும் எட்டிப் பாத்ததில்ல. வந்தா உக்கார வச்சு நாலு சந்தேகம் கேக்கணும்."

நம்பிக்கை இல்லாதவர்தான். ஆனால், இல்லாத ஒன்றைப் பற்றிச் சொன்னாலும் ஒரு தடவை சொன்னதற்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

இந்தக் கதைகளில் ஒரு விதி உண்டு. வீட்டிலிருப்பவர் அழைக்காமல் காட்டேரி வாசலைத் தாண்ட முடியாது. முன்பு ஒரு பாகத்தில் நாயகி அவனை உள்ளே அழைத்தாள். அவன் அவள் கையை முறுக்கிய நாளில், "வெளியே போ" என்றாள். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத எதுவோ சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பதுபோல அவன் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விழுந்தான். அந்தப் பக்கத்துக்காக எத்தனையோ பெண்கள் பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்களாம். ஒருவர் ஒன்றுமே பேசாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாராம்.

அச்சுக்குப் போகவிருக்கும் புதிய பாகத்தில் அதே காட்டேரி அதே வீட்டுக்குள் நிற்கிறான். 'ஒருமுறை அழைத்தால் அழைத்ததுதான். அன்று நான் போனது உன்மேல் வைத்த அன்பால்' என்கிறான். நாயகி உருகிவிடுகிறாள். அந்த வரிக்குப் பக்கத்தில் கடிவாய் அக்கா பச்சையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். கையெழுத்துப் போடவில்லை.

பதிப்பாசிரியர் வந்தார். நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் போலச் சப்புகிற மனிதர். கைபேசியில் எழுத்தாளரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார். ஓநாய்களை இத்தனை வருடமாக எழுதும் அந்த எழுத்தாளர் தெருநாய்க்குப் பயந்து அலுவலகத்துக்கு வருவதில்லை.

"என்னம்மா பிரச்சினை?" என்றது கைபேசி.

"அன்னைக்கு அன்பாலதான் போனான்னா, காலரப் பிடிச்சு இழுத்தது யாரு சார்?"

"அது... அது ஒரு உணர்ச்சிம்மா."

"உணர்ச்சிக்குக் கை இருக்கா சார்?"

பதிப்பாசிரியர் குறுக்கே வந்தார். "அக்கா, வாசகருங்களுக்கு அவன் திரும்பி வரணும். அவ்ளோதான். ஒரு வரி. அதுக்குப் போய்..."

"வரட்டும் சார். நான் வேணாம்னா சொன்னேன்? அவ மறுபடி கூப்பிடட்டும், வரட்டும். இங்க அவ கூப்பிடவே இல்லையே. அப்போ அவ 'போ'ன்னு சொன்னதுக்கு என்ன மதிப்பு?"

"காட்டேரி கதைதான்க்கா இது. சட்டப் புத்தகம் இல்ல."

"தெரியும் சார். அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

நாளைக் காலையில் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் பதிப்பாசிரியர் போனார். அக்கா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வரிக்கு இவ்வளவு ஏன் என்று மதியச் சாப்பாட்டின்போது நானும் கேட்டேன். டப்பாவைத் திறக்காமலே சொன்னார்.

அவருடைய தங்கை இப்போது அவரோடு இருக்கிறார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. கணவன் அடித்து விரலை ஒடித்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்தவர், அங்கே திரும்பிப் போகமாட்டேன் என்றும் அவன் இங்கே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படித்தான் சொன்னார். சில வாரம் கழித்து, கொட்டுகிற மழையில் அவன் வாசலில் வந்து நின்றான். தங்கை வேலைக்குப் போயிருந்தார்.

"தொப்பலா நனைஞ்சு நிக்கிறாரு. வாய் தவறி 'வாங்க'ன்னுட்டேன். வாசல்ல நிக்கிற மனுஷனுக்கு வேற என்ன சொல்லுவோம்? உக்காந்தாரு, டீ குடிச்சாரு, துண்டு வாங்கித் தலை துவட்டினாரு, போயிட்டாரு. மறுநாளே எங்க பெரிய மாமா வந்து நிக்கிறாரு. 'உள்ள கூப்பிட்டு டீயும் குடுத்தாச்சு. அப்புறம் என்ன கோவம் வேண்டிக்கெடக்கு? அவன் சாமானத்த எடுத்துட்டு இங்கயே வரட்டும், எல்லாரும் ஒண்ணா இருங்க'ன்னு."

"உங்கள் தங்கை என்ன சொன்னார்?"

"'நான் கூப்பிடலையே மாமா'ன்னா. 'உங்க அக்கா கூப்பிட்டா போதும், வாடகைக்கு எடுத்த வீடு அவ பேர்ல'ங்கிறாரு."

இந்த இடத்தில் அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னை நேராகப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க. அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் புத்தகம்தான் ஞாபகம் வந்துச்சு. வீடு யாரு பேர்ல இருக்கோ அவங்க கூப்பிட்டாதான் செல்லும்னு ஒரு பாகத்துல இருக்கு. அந்த வீட்டுல யாரு தூங்குறாங்களோ அவங்க கூப்பிடணும்னு இன்னொண்ணுல இருக்கு. ரெண்டையும் நான்தான் சரின்னு கையெழுத்துப் போட்டு விட்டிருக்கேன். வாடகை நான் குடுக்குறேன். பயந்து பயந்து தூங்குறது அவ. இப்போ யாரு சொல்லு செல்லும்? மாமாகிட்ட பதில் சொல்லத் தெரியாம அப்படியே நின்னேன். நான் பேசாம நின்னதையும் சம்மதம்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

நான் சிரிக்கவில்லை. ஒடிந்த விரலோடு வந்தவள் நாலு பேர் நடுவில் சொன்ன சொல்லுக்கு இல்லாத எடை, மழைநாளில் வாசலில் உதிர்ந்த ஒரு மரியாதை வார்த்தைக்கு எப்படி வந்தது? பெண் சொல்லும் 'வேண்டாம்' மட்டும் கெட்டுப்போகும் பண்டமா, மறுநாள் தூக்கிக் கொட்டிவிட? அந்த எழுத்தாளரை வைதும் பயனில்லை. அவர் இந்த மாமாக்களைப் பார்த்துத்தான் எழுதுகிறார். நடுவில் பல்லை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார். இதை அக்காவிடம் சொன்னேன். என் ஆவேசம் அவருக்குப் பெரிதாக உதவவில்லை.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா 'வாங்க'ன்னது நான்தானே?" என்றார். சாப்பாட்டு டப்பா மூடியபடியே பைக்குள் போனது.

மாலையில் மீதிப் பேச்சை முடிக்க அவரோடு வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மூக்குக் கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். வளைந்து ஒட்டிய மோதிர விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நின்றது. அக்கா புதிய பாகத்தின் கதையைச் சொன்னார். தங்கை திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்போ அவளும் சேத்துக்கிட்டாளா?" என்றார்.

கதவு தட்டப்பட்டது. அக்கா திறந்தார். தங்கையின் கணவன் நின்றுகொண்டிருந்தான், துவைத்துத் தேய்த்த சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக. காலடியில் ஒரு பெரிய பெட்டி.

"மாமா பேசிட்டாருல்ல அண்ணி? உள்ள வரலாமா?"

அக்கா வாயைத் திறந்தார். மூடினார். திரும்பிப் பார்த்தார். தங்கை எழுந்து நின்றிருந்தார். கையில் திருப்புளி அப்படியே இருந்தது.

"உன்னத்தான் கேக்குறாரு," என்றார் அக்கா.

"என்ன எங்க கேட்டாரு? உன்னத்தானேக்கா கேக்குறாரு."

"ஆமா. உன்னத்தான் கேக்கணும். நீ சொல்லு."

"வேணாம்க்கா. வரக்கூடாது."



அவன் சிரித்தான். கோபமே இல்லாத, நன்றாகப் பழகிய சிரிப்பு. "அவ அப்படித்தான் சொல்லுவா. அவ பேச்ச விடுங்க. அன்னைக்கு நீங்கதானே அண்ணி கூப்பிட்டீங்க? இப்போ என்ன புதுசா?"

"அதான் எனக்கும் புரியல," என்றார் அக்கா. உண்மையாகவே புரியாத முகம்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை எடுத்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தான்.

அக்கா அந்தக் காலைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வீடு யார் பேரில் என்றும் பேசவில்லை. முழங்கால் சொடுக்கு விழ, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஷூவோடு சேர்த்து அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தார்.