ஒஸ்லோவில் இருந்து ஒரு கண்ணாடி இசைத்தட்டு

மொன்றியலில் இருந்து ஒஸ்லோவுக்குப் பெப்ரவரி மாதத்தில் யாரும் உல்லாசப் பயணம் போவதில்லை. குளிரை விட்டுக் குளிருக்கே காசு கொடுத்துப் போகிறாயா என்று வேலையிடத்தில் கேலி செய்தார்கள். நான் 2006 பெப்ரவரியில் போனது ஒரு இசைத்தட்டை எடுத்துவர. அதை வழியில் உடைத்துவிடுவேன் என்ற பயம் விமானச் சீட்டு வாங்கிய அன்றே பிடித்துக்கொண்டது.

என் மனைவி மரி கியூபெக்காரி. அவளுடைய அம்மா சுசானை நான் யாழ்ப்பாண வழக்கப்படி மாமி என்றே கூப்பிடுவேன். மாமியின் அப்பா லெயோ துறைமுகத் தொழிலாளி, வீட்டுக் கொண்டாட்டங்களில் பாடுகிறவர். மாமிக்கு இரண்டு வயதானபோது இறந்துவிட்டார். அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று மாமிக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு நோர்வே மாலுமியோடு அவருக்குச் சிநேகம் இருந்ததாம். இருவரும் ஒரு கடைக்குப் போய், அங்கே இருந்த ஒலிப்பதிவுக் கூண்டில் லெயோ ஒரு பாட்டுப் பாட, மாலுமி அந்தத் தட்டைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார் என்று குடும்பத்தில் ஒரு கதை. மாலுமியின் மகள் இங்கெர், நாட்டார் இசைப் பிரியர்களின் இணையத்தளம் ஒன்றில் தட்டின் மேல் எழுதியிருந்த பெயரைப் போட்டு விசாரித்தபோதுதான் அது வெறும் கதையில்லை என்று தெரிந்தது.

இந்த இசையைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் கனடியர்களின் நாட்டார் இசையில் வயலினும் அக்கோர்டியனும் உண்டு, சாப்பாட்டுக் கரண்டிகளைத் தொடையில் தட்டுவதும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது கால்தான். பாடுகிறவர் கதிரையில் இருந்தபடி இரண்டு சப்பாத்தாலும் நிலத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். நமக்கு மிருதங்கம் போல அவர்களுக்கு அது. 1920களிலேயே இதைப் பதிவு செய்து கடைகளில் விற்றிருக்கிறார்கள். அந்தத் தட்டுகளில் ஒன்று உடைந்தால் தேடி இன்னொன்று வாங்கலாம். லெயோவின் தட்டு அப்படியல்ல. நேரடியாக வெட்டியது, உலகத்தில் ஒன்றே ஒன்று. போர்க்காலத்தில் அலுமினியம் எல்லாம் விமானத்துக்குப் போனதால், கண்ணாடியின் மேல் கறுப்பு அரக்குப் பூசி இப்படித் தட்டுகள் செய்தார்களாம்.

மொன்றியலில் பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தபாலில் வேண்டாம், பாரமான ஊசி வைத்தால் அரக்கு உழுபட்டுப் போகும், குளிரில் இருந்து திடீர் சூட்டுக்குப் போனால் உரிந்துவிடும், விமானத்தில் ஏற்றமுதல் அங்கேயே ஒரு பிரதி எடுத்துவிடு என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை போயிற்று. இலகுவான ஊசி ஒன்றை வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பறந்தேன்.

கார்டர்மூன் விமான நிலையம் நகரத்தில் இருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். விரைவு ரயில் இருபத்தைந்து நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடும். சாதாரண ரயில் கொஞ்சம் தாமதம்தான், ஆனால் டிக்கெட் பாதி விலை. நான் அதில்தான் போனேன். பிறகு உள்ளூர் ரயிலில், ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள ஹவுகன்ஸ்டுவாவுக்கு. அங்கே மாடிக் குடியிருப்பு ஒன்றில் பெரியம்மாவின் மகள் வதனி அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். அத்தானிடம் பழைய தமிழ்ப் பாட்டுகளுக்காகப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய தட்டுச் சுழற்றி இருந்தது. நான் துணிந்து வந்ததே அதை நம்பித்தான்.

சனிக்கிழமை காலை குளிர் மறை பன்னிரண்டு செல்சியஸ். இங்கெர் இருப்பது ஸ்ட்ரோம்மனில், அதே ரயில் பாதையில் கால் மணி நேரத்துக்குள். ஒஸ்லோ எல்லை தாண்டுவதால் நகர டிக்கெட் செல்லாது என்பதைக் கவனியுங்கள். பரிசோதகர் வரவில்லை என்பதால் தப்பினேன். இங்கெர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் கொடுத்த மேப்பிள் பாகை வாங்கிக்கொண்டு வாஃபிளும் கோப்பியும் தந்தார். பிறகு, அப்பாவின் கைச்சாவிக் கிராமபோனில் ஒருதரம் போட்டுக் கேட்போமா என்று ஆசையாகக் கேட்டார். அதன் உருக்கு ஊசி அரக்கை உழுதுவிடும். முகம் கொடுக்க முடியாமல் மறுத்தேன். பிரதி எடுத்து அனுப்புவதாகச் சொன்னபோது அவர் தலையாட்டித் தட்டைத் தந்தாலும், ஏமாற்றம் தெரிந்தது.

திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியது. தட்டை இரண்டு பஞ்சுப் பலகைகளுக்கு நடுவே வைத்துத் தலையணை உறைக்குள் கட்டி மடியில் வைத்திருந்தேன். எதிரே ஒருவர் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ரயில் குலுங்கும் ஒவ்வொரு தரமும் அந்தக் கட்டைகளின் நுனி என் மடிக்கு நேரே வந்து போனது. குழந்தையை அணைப்பதுபோலத் தட்டை அணைத்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

வீட்டுக்கு வந்ததும், மெல்ல மெல்லக் குளிர் விடட்டும் என்று பொதியை வாசல் மேசையில் வைத்துவிட்டு, தட்டுச் சுழற்றியை எடுக்க அத்தானோடு கீழ்ச் சாமான் அறைக்குப் போனேன். திரும்பி வந்தால் மேசையில் பொதி இல்லை.

"பனியிலை ஊறிப்போய்க் கிடந்தது. காயட்டும் எண்டு பாத்ரூமுக்கை வைச்சிருக்கிறன்," என்றார் அக்கா.

ஒஸ்லோவில் குளியலறை நிலத்துக்கு அடியில் சூடு ஓடும். எங்கள் ஆட்கள் அதில் மோர்மிளகாய் காயவைப்பார்கள். வெயில் இல்லாத ஊரில் வேறென்ன செய்வது? ஓடிப்போய்ப் பார்த்தேன். விரித்த துவாயில் மிளகாய் வரிசை, அதன் பக்கத்திலேயே, உறை கழற்றி, பஞ்சுப் பலகையும் கழற்றி, வெறும் நிலத்தில் லெயோவின் தட்டு. தொட்டால் சூடு. அக்காவை ஏசவும் முடியாது, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை. வெடிப்பு ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

பிற்பகல் நாலு மணி, மொன்றியலில் காலை பத்து. தொலைபேசி அட்டையால் மாமியை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைபேசியைத் தட்டுச் சுழற்றிக்குப் பக்கத்தில் வைத்தேன். இவ்வளவு திட்டம் போட்டவன் கணினிக்கான இணைப்புக் கம்பியை மட்டும் மறந்திருந்தேன். ஆகவே ஒலிவாங்கியை மேசையில் வைத்துத்தான் பதிய வேண்டியிருந்தது. ஊசியை மெல்ல இறக்கினேன்.

கொஞ்சம் கரகரப்பு. பிறகு கனமான, சிரிப்புக் கலந்த ஒரு ஆண் குரல் ஒரு வரி பாடியது. பாடி முடித்ததும் குரல் நின்றுவிட்டது. கரகரப்பும் டொக் டொக்கென்ற சத்தமும் மட்டும். திரும்ப ஒரு வரி. திரும்ப வெறுமை.

"சூட்டிலை அழிஞ்சு போச்சோ?" என்று அத்தான் மெல்லக் கேட்டார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நான்தான் கெடுத்துப்போட்டன். அந்த மனுசிக்கு என்ன சொல்லப் போறாய்?"

மூன்றாவது வரி முடிந்ததும், இனிமேலும் கெடாமல் ஊசியைத் தூக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். அந்த வெறுமைக்குள் தொலைபேசியில் இருந்து மாமி பாடினார்.

அதே வரியை, அதே மெட்டில், ஒரு கணம் பிந்தி. அடுத்த வரி லெயோ. அதற்குப் பதில் மாமி. அவர்கள் வீடுகளில் ஒருவர் வரி சொல்ல, கூடியிருப்பவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிப் பாடுவது வழக்கம். கூண்டுக்குள் அன்று கூடிப் பாட ஆளில்லை. லெயோ ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பதிலுக்கு இடம் விட்டு, காலால் தாளம் போட்டபடி காத்திருந்திருக்கிறார். அந்த டொக் டொக் அவருடைய சப்பாத்து. மூன்று வருடம் அந்த வீட்டு மருமகன் நான், கொண்டாட்டங்களில் பின்னால் நின்று வாயசைத்தவன், எனக்கு அது பிடிபடவில்லை. கண்ணாடி, ஊசி, சூடு என்று அஞ்சியதில் பாட்டைக் கேட்கவே மறந்துபோனேன். பாட்டு முடியும்வரை மாமியின் குரல் உடையவில்லை. அழுதது அக்கா.

இப்படித் தட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு: பிரதி எடுத்த பிறகே விமானம் ஏறுங்கள். கைப்பொதியாகக் கொண்டுபோய், படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் கையால் பார்க்கும்படி கேளுங்கள், ஒஸ்லோவில் மறுக்கவில்லை. இணைப்புக் கம்பி இரண்டு கொண்டுபோங்கள். தமிழ் வீட்டில் தங்கினால் பொதியைத் தரையில் வைக்க வேண்டாம் என்று வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள்.

தட்டு முழுசாக வந்து சேர்ந்தது. மாமியின் குரலும் அக்காவின் விம்மலும் சேர்ந்து பதிந்த பிரதியைத்தான் இங்கெருக்கும் அனுப்பினேன். எனக்கு அது உறுத்தியது. ஆலோசனை சொன்ன அந்த மனிதரும், தட்டை இன்னொருதரம் முறையாகப் போட்டு, லெயோவின் குரல் மட்டும் இருக்கும்படி சுத்தமான பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னார். மாமியிடம் கேட்டேன்.

வேண்டாம் என்றார். "இத்தனை வருஷம் அப்பா தனியாகப் பாடினது போதும்."