மூட்டத்துக்குள் கூப்பிடும் பொத்தான்

கினிகத்தேனை தாண்டியதும் பனிமூட்டத்தில் பஸ்ஸுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் விளக்கைப் போட்டு, ஹோர்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு டீச்சர், மடியில் பிள்ளைகளின் கொப்பிக்கட்டை வைத்துக்கொண்டு போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லைதான். ஆனால் அந்தத் திரையில் ஓர் அட்டைப்பூச்சி நெளிந்து போயிற்று. அதை உண்டாக்கியவன் நான். எப்படிச் சும்மா இருப்பேன்?

சிரிக்காதீர்கள், என் முதல் வேலையே அதுதான். ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், நாலு பேர் சேர்ந்து கேம் செய்துகொண்டிருந்தோம். அந்த அட்டைப்பூச்சியை நிஜம் மாதிரி ஊரவைக்க ஒரு மழைக்காலமே எனக்குப் போதவில்லை. கீழே பாண் வேகிற வாசனை ஏறி வந்தால் வேலை ஓடாது. யாராவது இறங்கிப் போய் மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்த பிறகுதான் கை நகரும்.

நாலு பேருமே தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். எங்கள் காலைக் கூட்டத்துக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டோம். வேலை பிரித்துத் தரும் கங்காணி, செல்வி அக்கா. நான் பிந்தி வந்தால், "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்" என்று பாதி நாள் வேலையாக்கிவிடுவார்.

அந்தக் கேமை யோசித்தவரும் அவர்தான். கூடை நிறையக் கொழுந்து எடுக்க வேண்டும். திடீரென்று மூட்டம் இறங்கும், திரை முழுக்க வெள்ளை. அப்போது ஒரு பொத்தானை அழுத்தினால், "ஏய் புள்ள, எங்கிட்டு நிக்கிற?" என்று ஒரு குரல் போகும். எங்கிருந்தோ, "பெரிய கல்லுக்கிட்ட, இங்கிட்டு வா" என்று பதில் வரும். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் வெளியே வந்துவிடலாம். மலையில் உண்மையிலும் அப்படித்தான். கேமில் பதில் சொல்லும் குரல் அக்காவின் அம்மாவுடையது. லயத்துக்கே போய்ப் பதிவு செய்தோம்.

பிறகு, அறையும் தந்து சம்பளமும் தந்த முதலாளி அண்ணன், ஒரு பெரிய கம்பெனிக்குக் கேமோடு எங்களை விற்றார். ஒன்றும் மாறாது என்றார்.

"தோட்டத்துல கம்பெனி மாறுனப்பவும் இதத்தான் சொன்னாங்க. மொதல்ல போர்டுக்குப் பெயின்ட் அடிப்பாங்க, பாருங்க" என்றார் அக்கா.

அடுத்த வாரமே போர்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. கழுத்தில் பெயர் தொங்கியது. கதவு விரல் ரேகை கேட்டது. மாலுபாணுக்குத் தடை. பெரட்டு கொழும்போடு, திரை வழியாக, ஆங்கிலத்தில். அக்கா பேசுவது குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் அந்தச் செய்தி வந்தது. கூப்பிடும் பொத்தானை எடுத்துவிடப் போகிறார்கள். மூட்டம் இறங்கினால் ஆடுகிறவர் காசு கொடுத்து விளக்கு வாங்க வேண்டும். இதைப் பேசி முடிக்க மேனேஜர் நேரில் வருகிறார். பொத்தான் போனால் தானும் போய்விடுவதாக அக்கா சொல்லிவிட்டார்.

மேனேஜர் வந்த அன்று காலை அக்கா எங்களைப் படிக்கட்டில் நிறுத்தி, "யாரும் வாயத் தொறக்காதீங்க. நிக்கிற நிப்புல அவருக்கு வெளங்கட்டும்" என்றார். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பெரட்டில், தோட்டத்தை நடத்தும் தொர சொல்வது பிடிக்காவிட்டால் ஆட்கள் கத்த மாட்டார்கள். கூடையைத் தொடாமல், பேசாமல், அப்படியே நிற்பார்கள். எந்தத் தொரைக்கும் அது புரியும்.

மேனேஜர் இளவயது, நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். படங்கள் காட்டி முடித்து, யாருக்காவது மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லலாம் என்றார்.

எழுந்து நின்றோம். ஒரு வார்த்தை இல்லை. கீழே மாவு பிசையும் மெஷின் சத்தம் மட்டும். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்படியொரு பெருமை எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. அக்கா தலையைக் குனியவேயில்லை.

மேனேஜர் முகம் மலர்ந்து அவரும் எழுந்தார். "தேங்க்ஸ். ஒருத்தருக்கும் ஆட்சேபம் இல்லைங்கிறது பெரிய சந்தோஷம்" என்று எல்லோருக்கும் கை கொடுத்தார். முதல் கை அக்காவுக்கு.

அவருடைய கார் வளைவில் திரும்பிய பிறகுதான் எங்களுக்கு நாக்கு வந்தது. எங்களுக்குச் சம்மதமில்லை என்று அக்கா மேனேஜருக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகப் பதில் வந்தது. சொன்னபடியே அக்கா வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு அந்த அறையையும் மூடினார்கள். இப்போது அங்கே டியூஷன் நடக்கிறது.

டீச்சரின் திரை வெள்ளையானது. மூலையில் ஒரு விளக்கு மினுங்கிற்று. அங்கும் இங்கும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

"மூட்டம் வந்தாலே காசு கேக்குதுங்க இது."

"முன்னெல்லாம் கூப்பிட்டாப் போதும்ங்க" என்றேன்.

"யாரைங்க?" என்று கேட்டார்.

எதிரே வந்த ஏதோ வண்டி ஹோர்ன் அடித்தது, எங்கள் டிரைவரும் அடித்தார். செல்வி அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.